ஒரு குன்றில் எஞ்சிய காடு

சிங்கப்பூரைக் காணச் செல்வோர் கடற்கரையையும் வானளாவிய கட்டடங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதே வழக்கம். அத்தீவின் நடுவே, நகரப் பேருந்தில் சென்று இறங்கும் தொலைவில், ஒரு மழைக்காடு நிற்கிறது. அதன் பெயர் புக்கிட் தீமா. உயரம் ஏறத்தாழ 164 மீட்டர். பரப்பு சுமார் 163 ஹெக்டேர். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வெறும் மேடு. ஆயினும் அத்தீவில் இயற்கையாய் அமைந்த நிலங்களுள் இதைவிட உயர்ந்தது வேறில்லை.

மலாய் மொழியில் 'புக்கிட்' என்பது குன்று. 'தீமா' என்பது வெள்ளீயம். குன்றிலோ வெள்ளீயம் இல்லை, கருங்கல்தான் உண்டு. 'தெமாக்' என்னும் மரத்தின் பெயரே இவ்வாறு மருவிற்று என்பாரும் உளர்.

நாங்கள் காலையிலேயே உச்சிக்குச் செல்லும் பாதையில் ஏறத் தொடங்கினோம். சில அடிகளிலேயே வெயில் மறைந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் செராயா மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. நீளவால் குரங்குகள் பாதையோரம் அமர்ந்து எங்கள் கைகளையே நோட்டமிட்டன. துடுப்புவால் கரிச்சான் ஒன்று கிளைக்குக் கிளை தாவியது. நாங்கள் தேடி வந்தது இவற்றை மட்டுமன்று. இக்காடு எவ்வாறு தப்பிப் பிழைத்தது என்ற கேள்வியும் எங்களோடு ஏறியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவெங்கும் மிளகும் கேம்பியரும் பயிரிடப்பட்டன. கேம்பியர் இலையைக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு தோல் பதனிடப் பயன்பட்டது. கொதிக்கவைக்க விறகு வேண்டும். மண் சாரமிழந்ததும் புதுநிலம் வேண்டும். இரண்டுக்கும் பலியானது காடு. காட்டை ஊடுருவிய சாலைகளை அமைத்தவர்களுள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் முக்கியமானவர்கள். மதராஸ் மாகாணத்தவரும் அவர்களுள் இருந்தனர். புலிகளை வேட்டையாடவும் கைதிகளை அனுப்பியதுண்டு. நம்மவர் உழைப்பும் துயரும் இக்காட்டின் வரலாற்றில் பெயரின்றிக் கலந்திருக்கின்றன.

1854இல் இங்கு வந்தார் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ். குன்றையொட்டிய பகுதியில் ஏறத்தாழ இரண்டே மாதங்களில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்ததாக அவர் தம் நூலில் எழுதினார். அத்தனை வண்டுகள் கிடைத்ததற்கு அவரே சொல்லும் காரணம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. மரம் வெட்டுவோர் விட்டுச்சென்ற பட்டைகளும் மரத்தூளும் உலர்ந்த இலைகளும் பூச்சிகளுக்கு விருந்தாயினவாம். அறிவியலின் அந்தப் பெருஞ்செல்வம் கோடரியின் நிழலில் கிடைத்தது.

பின்னர் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நதானியேல் கேன்ட்லி காடுகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1883இல் புக்கிட் தீமா காப்புக்காடாயிற்று. எனினும் குன்றின் ஓரங்களைக் கருங்கல் குவாரிகள் அரித்தன. ஹிண்ட்ஹீட் குவாரி இருந்த பள்ளத்தில் இன்று பச்சை நீர் அமைதியாய்க் கிடக்கிறது. 1942 பிப்ரவரியில் இவ்வட்டாரத்தில் கடும்போர் நடந்தது. அம்மாதம் 15ஆம் நாள், அருகிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். 1951இல் இயற்கைக் காப்பகச் சட்டம் வந்தது.

1986ஆம் ஆண்டை நாம் தனியே நினைவுகூர வேண்டும். இக்குன்றின் ஓடையில் கண்ட ஒரு நன்னீர் நண்டு, சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது, அவ்வாண்டில்தான் அறிவியல் பெயர் பெற்றது. அதே ஆண்டில் விரைவுச்சாலையொன்று இக்காட்டை அண்டைக் காட்டிலிருந்து துண்டித்தது. சாலையைக் கடக்க முயன்ற அழுங்குகள் வண்டிச் சக்கரங்களில் மாண்டன. 2013இல் சாலைக்கு மேலே மண் நிரப்பி மரம் நட்ட பாலமொன்றை விலங்குகளுக்காகவே அமைத்தார்கள். வெட்டியதை ஒட்டவைக்க ஒரு தலைமுறைக்காலம் ஆயிற்று.

உச்சியில் ஒரு பாறையில் அதன் உயரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனருகே நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் எடுத்துக்கொண்டோம். இறங்கும்போது, பாதையை விட்டு விலகாதீர் என்னும் பலகை கண்ணில் பட்டது. 2014 முதல் 2016 வரை சரிவுகளையும் பாதைகளையும் செப்பனிடுவதற்காக இக்காட்டைப் பெரும்பாலும் மூடிவைத்திருந்தார்கள். கோடரிக்கும் குவாரிக்கும் தப்பிய காட்டை, அதன்மேல் அன்புகொண்டு வருவோரின் காலடிகளும் தேய்க்கவே செய்கின்றன.

அந்தக் காலடிகளில் எங்களுடையவையும் உண்டு. மீதிப் பாதையில் நாங்கள் அதிகம் பேசவில்லை.