வீட்டுச் சுவரில் மறைந்திருக்கும் ஈயம்: அமெரிக்க அரசின் மானியத் திட்டங்கள் யாருக்கு, எப்படி?

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட வீட்டை வாங்குபவரும் வாடகைக்கு எடுப்பவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு சிறு கையேட்டையும் ஓர் அறிவிப்புப் படிவத்தையும் பெற்றாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த வீட்டின் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்பது பற்றி உரிமையாளருக்குத் தெரிந்ததை அப்படிவம் சொல்லும். வாடகை ஒப்பந்தத்தின் பத்துப் பதினைந்து பக்கங்களுக்கு நடுவே வரும் இதைப் பலரும் படிக்காமலேயே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். படிப்புக்காகவும் வேலைக்காகவும் சென்று அங்கே பிள்ளை குட்டிகளோடு பழைய வீடுகளில் வாடகைக்கு இருக்கும் நம் சகோதரர்கள் இந்தப் படிவத்தின் பின்னணியையும், அதன் பின்னால் இருக்கும் அரசு உதவித் திட்டங்களையும் அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுவது' என்கிறோமே, அது வெள்ளீயம். அதனால் இந்தக் கேடு இல்லை. இங்கே பேசப்படுவது காரீயம். இதன் வெள்ளைச் சேர்மம் நல்ல வெண்மையும் நீண்ட உழைப்பும் தரும் என்பதால் நூறாண்டுகளுக்கும் மேலாக வீட்டுப் பெயிண்டில் சேர்க்கப்பட்டு வந்தது.

தூசியில் வரும் நஞ்சு

உரிந்து விழும் பெயிண்ட் சில்லு இனிப்பாக இருக்கும். குழந்தைகள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது உண்டு. ஆனால் பெரும்பாலான குழந்தைகளின் உடலுக்குள் ஈயம் செல்வது தூசி வழியாகத்தான். பழைய மரச் சன்னலை ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் அதன் பூச்சு உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் சன்னல் படியிலும் தரையிலும் படிகிறது. தவழும் குழந்தை தரையில் கை வைக்கும், அதே கையை வாயில் வைக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டிருக்கும் பருவம் அது. அறிவுத்திறன் குறைவு, கவனமின்மை, கற்றலில் பின்னடைவு ஆகியவை இதன் விளைவுகள். வெளியே பெரிதாக எந்த அறிகுறியும் தெரியாது. நேர்ந்துவிட்ட பாதிப்பை மருந்து கொடுத்துத் திருப்பவும் முடியாது. ஆகவே, நஞ்சு குழந்தையை அடையும் முன்பே வீட்டைச் சரிசெய்வது ஒன்றே வழி.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், தம்மிடம் வந்த குழந்தைகளின் நோய்க்கு வராந்தாக் கைப்பிடிகளின் பெயிண்ட்தான் காரணம் என்று 1904இலேயே எழுதினார். 1921இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் காரீய வெள்ளையைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. பல நாடுகள் அதை ஏற்றன. அமெரிக்கா ஏற்கவில்லை. பால்டிமோர் நகரம் மட்டும் 1951இல் தன் எல்லைக்குள் வீட்டின் உட்புறப் பயன்பாட்டைத் தடை செய்தது. நாடு முழுவதற்குமான தடை 1978இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பூசப்பட்ட பெயிண்ட் இன்றும் சுவர்களில் இருக்கிறது. 2018–19இல் அரசு நடத்திய கணக்கெடுப்பின்படி சுமார் 3 கோடியே 46 லட்சம் வீடுகளில் எங்கேனும் ஓரிடத்தில் ஈயப் பெயிண்ட் உள்ளது. அவற்றில் ஏறத்தாழ 2 கோடியே 23 லட்சம் வீடுகளில் அது உரிந்தோ தூசியாகியோ ஆபத்தான நிலையில் இருக்கிறது.

இரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்ற அளவும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 1960களில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 60 மைக்ரோகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1991இல் அது 10, 2012இல் 5, 2021இல் 3.5. குழந்தைகளின் பால்பற்களில் ஈயத்தை அளந்து, அறிகுறியே இல்லாத பிள்ளைகளிடமும் அறிவுத்திறன் குறைவதை 1979இல் காட்டிய ஹெர்பர்ட் நீடில்மேனின் ஆய்வு இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே இன்று மருத்துவர்களின் நிலைப்பாடு.

சட்டமும் பணமும்

1969இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில், புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளி இளைஞர்களின் 'யங் லார்ட்ஸ்' அமைப்பினர் நகரச் சுகாதாரத் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து போராடிப் பரிசோதனைக் கருவிகளைப் பெற்று, வீடு வீடாகச் சென்று குழந்தைகளைச் சோதித்தார்கள். ஏழைக் குடியிருப்புகளிலிருந்து எழுந்த இத்தகைய அழுத்தத்துக்குப் பிறகு 1971 ஜனவரியில் ஈயப் பெயிண்ட் நஞ்சுத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் நடந்தது பெரும்பாலும் குழந்தைகளைப் பரிசோதிப்பதுதான். குழந்தையின் இரத்தத்தில் ஈயம் தெரிந்த பிறகே வீட்டுக்கு ஆள் வருவார். அதாவது, வீட்டில் நஞ்சு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவியாகக் குழந்தையே பயன்பட்டது. கசப்பான சொல்தான், ஆனாலும் நடந்தது அதுதான்.

1992இல் வந்த குடியிருப்பு ஈயப் பெயிண்ட் அபாயக் குறைப்புச் சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்க முயன்றது. வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை 1993 முதல் மாநில, நகர நிர்வாகங்களுக்கு மானியம் வழங்குகிறது. பணம் தனிநபர் கைக்கு நேரடியாக வராது. உள்ளூர் நிர்வாகம் விண்ணப்பம் வாங்கி, வீட்டைத் தேர்ந்து, ஒப்பந்ததாரரை வைத்து வேலையை முடிக்கும். நிபந்தனைகள் சுருக்கமாக இவை: வீடு 1978க்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும். சொந்த வீடானால், குடும்ப வருமானம் அப்பகுதியின் நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை அங்கே வசிக்க வேண்டும் அல்லது கணிசமான நேரம் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் வீடும் இதில் அடங்கும். வாடகை வீடானால், குறைந்தது பாதி வீடுகளில் வருமானம் 50 சதவீதத்துக்கு உட்பட்ட குடும்பங்கள் இருக்க வேண்டும். வேலை முடிந்த பின் மூன்றாண்டுகளுக்குச் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கே உரிமையாளர் முன்னுரிமை தர வேண்டும். உரிமையாளர் கையெழுத்திடாமல் வாடகைதாரர் மட்டும் இதைப் பெற முடியாது என்பது நடைமுறையில் பெரிய தடை.

சில நகரங்கள் இந்த உதவியை 'தள்ளுபடியாகும் கடன்' என்ற வடிவில் தருகின்றன. வீட்டின் மீது ஒரு பிணை பதியப்படும்; குறிப்பிட்ட ஆண்டுகள் நிபந்தனைகளைக் காத்தால் முழுத் தொகையும் தள்ளுபடியாகும். 'கடன்' என்ற சொல்லைப் பார்த்ததும் வட்டியாகிவிடுமோ என்று அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கூடுதல் தொகை உண்டா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தம் சொந்த வீட்டில் தாமே குடியிருக்கும் குறைந்த வருமானத்தினருக்கு ஈயத்தை அகற்ற வட்டியில்லாக் கடன் தரும் திட்டம் இருந்து வருகிறது. அம்மாநிலச் சட்டம் இன்னொரு வகையிலும் கடுமையானது: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வசிக்கும் பழைய வீட்டில் ஈய அபாயத்தை உரிமையாளர் சரிசெய்தே ஆக வேண்டும். குழந்தை இருப்பதைக் காரணம் காட்டி வீடு தர மறுப்பதும் குற்றம்.

வேலை நடக்கும் விதம் இதுதான். எக்ஸ் கதிர்க் கருவியைச் சுவரில் வைத்து, பல அடுக்குப் பெயிண்டுக்கு அடியில் உள்ள ஈயத்தையும் அளப்பார்கள். குடும்பத்தை வேறிடத்தில் தங்கவைத்துவிட்டு, தரையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, பரப்பை நனைத்துச் சுரண்டுவார்கள். தீயால் எரிப்பதும் உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் கூடாது. சன்னல்களைப் பெரும்பாலும் முழுதாக மாற்றிவிடுவார்கள். மாற்றிய வீடுகளில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் தூசியில் ஈயம் குறைவாகவே இருந்ததை இத்திட்டத்தின் மதிப்பாய்வுகள் காட்டின. முடிவில் ஈரத் துணியால் தரையைத் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அளவு குறைந்திருப்பது உறுதியான பிறகுதான் குடும்பம் திரும்ப வரலாம்.

மானியம் இன்றித் தாமே வீட்டைப் புதுப்பிப்போர் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழைய வீட்டின் உள்ளே ஓர் அறையில் ஆறு சதுர அடிக்கு மேல் பெயிண்டைக் கலைக்கும் வேலையைக் கூலிக்குச் செய்பவர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது 2010 முதல் நடைமுறையில் உள்ள விதி. 'நமக்குத் தெரிந்த ஆள்' என்று குறைந்த கூலிக்கு ஒருவரை வைத்து மணல்தாள் போட்டுத் தேய்த்தால், அதுவரை சுவரோடு ஒட்டிக்கிடந்த நஞ்சு ஒரே நாளில் வீடெங்கும் பரவும்.

'எனக்குத் தெரியாது' என்ற பெட்டி

தொடக்கத்தில் சொன்ன அறிவிப்புப் படிவம் 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள பலவீனம், உரிமையாளர் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும் என்பது. சோதித்துப் பார்க்கும் கடமை அவருக்கு இல்லை. சோதித்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டிவரும். ஆகவே சோதிக்காமல் 'எனக்குத் தெரியாது' என்ற பெட்டியில் குறியிட்டுவிடுவது அவருக்கு லாபம். அறியாமைக்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாடு இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் ஃபிக்ஹு நூல்களில் 'அய்ப்', அதாவது பொருளின் குறை பற்றிய பாடத்தை ஓதியவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புலப்படும். குறையை அறிந்தே மறைத்து விற்பவன் பாவி. அறியாமல் விற்றவன்மீது பாவம் இல்லை. ஆயினும் பொதுவான சட்டப்படி, வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இரண்டு நிலையிலும் உண்டு. விற்றவனின் அறியாமை வாங்கியவரின் உரிமையைப் பறிக்காது. வாடகைக்கு விட்ட வீட்டில் பயன்பாட்டைக் கெடுக்கும் குறை இருந்தாலும் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு என்பதை இஜாரா பாடத்தில் காணலாம்.

மறைத்ததன் விளைவுக்கு 2000ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வு சான்று. எகிப்து வழியாக வந்த சூடானிய அகதிக் குடும்பம் ஒன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மான்செஸ்டர் நகரின் பழைய அடுக்குமாடி வீட்டில் குடியேறியது. சில வாரங்களில் அக்குடும்பத்தின் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஈய நஞ்சால் இறந்தது. அந்த வீட்டின் நிர்வாகி அறிவிப்புப் படிவம் தொடர்பாகப் பொய் ஆவணம் தயாரித்தது தெரியவந்து சிறைத் தண்டனை பெற்றார். போரிலிருந்து தப்பி வந்த பிள்ளை சன்னல் தூசிக்கும் பெயிண்ட் சில்லுக்கும் பலியானது.

இந்த ஓட்டையை அடைக்க நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரம் 2005இல் ஒரு சட்டம் இயற்றியது. பழைய வாடகை வீடுகளுக்குக் குடியிருப்புச் சான்றிதழ் புதுப்பிக்கும்போதே ஈயச் சோதனையும் நடக்கும். குழந்தை நோயுறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதன் பிறகு அங்குள்ள குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மாநிலத்தின் பிற பகுதிகளைவிட வேகமாகக் குறைந்தது. மானியமும் கட்டாயச் சோதனையும் சேர்ந்தால்தான் பலன் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் அறியேன். மானியம் மட்டும் இருந்தால், நல்ல மனமுள்ள உரிமையாளர் விண்ணப்பிப்பார். மற்றவர் பெட்டியில் குறியிட்டுவிட்டுப் போவார்.

பெயிண்ட் தயாரித்தவர்களின் பொறுப்பு என்ன? கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா உள்ளிட்ட பத்து நிர்வாகங்கள் 2000இல் தொடங்கிய வழக்கு, 2019இல் மூன்று நிறுவனங்கள் 30.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதில் முடிந்தது. பத்தொன்பது ஆண்டுகள்! வழக்கு தொடங்கியபோது தவழ்ந்த குழந்தை அதற்குள் கல்லூரி வயதை எட்டியிருக்கும்.

அங்கு வாழும் நம்மவர்கள் செய்ய வேண்டியது கடினமில்லை. நகர அல்லது மாவட்டச் சுகாதாரத் துறையிடம் ஈய அபாயக் குறைப்புத் திட்டம் உண்டா என்று கேட்கலாம். குழந்தைக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் இரத்தப் பரிசோதனை செய்யும்படி மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். அரசின் மெடிகெய்டு காப்பீட்டில் உள்ள குழந்தைகளுக்கு இது கட்டாயம். வேலை நடக்கும் வரை சன்னல் படிகளையும் தரையையும் ஈரத் துணியால் துடைப்பதும், சாப்பிடும் முன் குழந்தையின் கையைக் கழுவிவிடுவதும் தற்காலிகப் பாதுகாப்பு.

வீட்டைச் சோதிக்க வரும் அதிகாரி பெயிண்டோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த மசாலாப் பொடி, அலுமினியச் சட்டி, கண்ணுக்கு இடும் சுர்மா எல்லாவற்றையும் பற்றிக் கேட்பார். ஹதீஸில் சிறப்பித்துச் சொல்லப்படும் 'இஸ்மித்' பொதுவாக அஞ்சனக் கல் என்றே விளக்கப்படுகிறது. கடையில் சுர்மா என்ற பெயரில் விற்பதோ பல நேரம் காரீயத் தாதுவின் பொடி. குழந்தையின் கண்ணில் இடுவது சுன்னத் என்று எண்ணி நஞ்சை இட்டுக்கொண்டிருக்கலாம். சங்கடப்படாமல் அந்த டப்பாவையும் எடுத்து அவரிடம் சோதிக்கக் கொடுங்கள்.