நெகடிவின் ஓரத்தில் எழுதியிருப்பது

பழைய நெகடிவ்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நம் சங்கக் குடும்பங்களில் பலர் செய்து வருகிறார்கள். ஸ்கேனர் நம்மிடம் இரண்டு கேள்வி கேட்கிறது. எவ்வளவு பரப்பை எடுப்பது? அது கிராப். எவ்வளவு நுணுக்கமாக எடுப்பது? அது ரெசல்யூஷன். இது மெஷின் சமாசாரம் என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறோம். என் அபிப்பிராயத்தில் இது சரித்திர சமாசாரம்.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன? 1890களின் தொடக்கத்தில் எடிசன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டிக்சன், ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மி.மீ. பிலிமை நெடுக்காக இரண்டாகப் பிளந்தார். 35 மி.மீ. சினிமாச் சுருள் பிறந்தது. அதில் ஒரு கட்டம் சுமார் 18×24 மி.மீ. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியின் ஆஸ்கர் பார்னாக் அதே சுருளைச் சின்னக் காமிராவில் படுக்கவாட்டில் ஓட்டி, இரண்டு கட்டத்தை ஒன்றாக்கினார். 24×36 ஆச்சு. 1925இல் லைப்சிக் வர்த்தகச் சந்தையில் லைக்கா அறிமுகமானது. (சந்தையில் அறிமுகம் என்பதில் என்னைப் போன்ற துணி வியாபாரிக்கு ஒரு தனி சந்தோஷம்!)

நம் வீட்டுப் பெட்டிகளில் இன்னொரு வம்சமும் உண்டு. கோடக் 1901இல் கொண்டுவந்த 120 நம்பர் சுருள். அக்பா கிளிக் 3 காமிராவில் அதைப் போட்டு 12 சதுரப் படம் எடுத்த பெரியவர்கள் இதைப் படிப்பீர்கள். ஆறுக்கு ஆறு செ.மீ. என்று பேர், அளந்து பார்த்தால் சுமார் 56 மி.மீ.தான்.

இனி கணக்கு. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 2540 டி.பி.ஐ. வைத்தால் மில்லிமீட்டருக்கு 100 புள்ளி. 24×36 நெகடிவுக்கு 2400×3600 புள்ளி கிடைக்கும். அங்குலத்துக்கு 300 வீதம் அச்சடித்தால் 8×12 அங்குலப் படம். போதுமே என்று தோணும். ஆனால் கல்யாண குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் நிற்கிற ஆயாவின் முகம் நெகடிவில் 1 மி.மீ.தான் இருக்கும். அதுக்குக் கிடைப்பது நூறே புள்ளி! 4000 வைத்தால் 157. பைல் சுமார் 64 எம்.பி. ஆகும், ஆகட்டும். சதுர நெகடிவ் பெரிசு என்பதால் 2400லேயே ஒரு பக்கத்துக்கு 5290 புள்ளி வந்துடும். ஆகவே அச்சடிக்கப் போகிற அளவைப் பார்த்து நம்பர் போடக் கூடாது. நெகடிவைப் பார்த்துப் போட வேண்டும். ஸ்கேனர் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெரிய நம்பரில் மயங்காதீர்கள். சாப்ட்வேர் இட்டு நிரப்பும் புள்ளியில் புது விவரம் ஒன்றும் கிடையாது, பாலில் தண்ணி சேர்த்த கதைதான்.

கிராப்புக்கு வருவோம். உலகமறிந்த சே குவேரா முகம், 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஒரு கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான இரங்கல் கூட்டத்தில் கோர்டா எடுத்தது. முழு நெகடிவில் ஒரு பக்கம் இன்னொரு மனிதர், மறுபக்கம் பனை வகை மரத்தின் ஓலைகள். கோர்டா இரண்டையும் வெட்டித்தான் அச்சிட்டார். நெகடிவ் முழுசாக இருந்ததால்தான் இன்று நமக்கு அது தெரியும்.

நம் படங்களில் வெட்டுப்படுவது இதைவிட அதிகம். ஸ்கேனரைத் தானியங்கியாக விட்டால் படத்தின் விளிம்போடு நறுக்கிவிடும். துளை ஓரத்தில் இருக்கும் கம்பெனி பேர், பிலிம் வகை, படத்தின் வரிசை எண் எல்லாம் போச்சு. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் பேர் ஓரத்தில் தெரிந்தால், அந்தப் படம் அதற்கு முந்தியதில்லை என்று தயங்காமல் சொல்லலாம். 7ஆம் எண்ணில் தேரும் 8ஆம் எண்ணில் இடிந்துபோன பழைய வீடும் ஒரே துண்டில் இருந்தால், இரண்டும் ஒரே சுருளில் அடுத்தடுத்து எடுத்தவை. ஊரில் வீடே இல்லாத நமக்கு இது சின்ன சாட்சியா? கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பவர் எழுத்து மங்கின மூலையையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்.

அவசரமும் உண்டு. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் காடி வாடை அடிக்கும், சுருங்கும், அப்புறம் மீட்க முடியாது. அன்றைக்கு நீங்கள் எடுத்த பைல்தான் மூலம்.

ஆகையால் முன்னோட்டத்தில் கட்டத்தைக் கையால் இழுத்து, விளிம்பு தாண்டி வையுங்கள். ஹோல்டர் ஓரத்தை மறைத்தால், மூடியில் விளக்குள்ள ஸ்கேனரில் துண்டை நேராகக் கண்ணாடிமேல் வைத்து 800இல் தனியாக ஒன்று எடுத்தால் போதும், எண்களைப் படிக்கலாம். ஆல்பத்துக்கு வேண்டிய வெட்டை நகலில் செய்துகொள்ளலாம். ஸ்லைடுகளாக இருந்தால் அட்டைச் சட்டத்தையும் முன்னும் பின்னும் எடுத்து வையுங்கள். பல கோடக்ரோம் சட்டங்களில் கழுவின மாசமும் வருஷமும் அச்சாகியிருக்கும்.