ஆட்டு வைத்தியர் கட்டிய வானொலி

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மில்ஃபோர்ட் என்ற சிற்றூர். அங்கே டாக்டர் ஜான் பிரிங்க்லி செய்த வைத்தியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீரியம் குறைந்ததாக வரும் ஆண்களுக்கு வெள்ளாட்டுக் கிடாயின் விதைச் சுரப்பியை வைத்துத் தைப்பார். கட்டணம் 750 டாலர். மாதம் ஒருமுறை லாட்ஜில் முகாம் போடும் நம்மூர் வைத்தியர்களுக்கு அவர் பெரியப்பா முறை. ஆனால், அவரிடம் 1923 முதல் சொந்த வானொலி நிலையம் இருந்தது. நேயர்கள் கடிதத்தில் எழுதும் நோய்க்கு மைக் முன்னால் உட்கார்ந்தே மருந்து சொல்வார். அந்த மருந்தை விற்ற கடைக்காரர்கள் அவருக்குக் கமிஷன் தந்தார்கள்.

1930-ல் வைத்திய உரிமம், வானொலி உரிமம் இரண்டுமே பறிபோயின. பிரிங்க்லி அசரவில்லை. டெக்சாஸின் டெல் ரியோவுக்கு நேர் எதிரே, ரியோ கிராண்டே ஆற்றுக்கு அக்கரையில், மெக்சிகோவின் வில்லா அகுன்யாவில் 1931-ல் புது நிலையம் தொடங்கினார்.

மெக்சிகோ ஏன் இடம் கொடுத்தது? மத்திய அலையின் நல்ல அலைவரிசைகளையெல்லாம் அமெரிக்காவும் கனடாவும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. மெக்சிகோவை யாரும் கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில் இருந்த நாடு, அமெரிக்கா விரட்டிய ஆளை வரவேற்றதில் வியப்பென்ன?

அமெரிக்க நிலையங்களுக்கு 50 கிலோவாட்தான் உச்சவரம்பு, விதிவிலக்கு அபூர்வம். எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்று பெயர் மாறிய பிரிங்க்லியின் நிலையமோ 500 கிலோவாட்டுக்குப் போனது. மீதி வேலையை இரவு பார்த்துக்கொண்டது. பகலில் வளிமண்டலத்தின் டி அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்தால் அந்த அடுக்கு மறைந்துபோகும். அலைகள் இன்னும் உயரே சென்று, வளைந்து திரும்பி, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இறங்கும். ராத்திரியில் ரேடியோ முள்ளைத் திருப்பித் திருப்பிப் பெயர் தெரியாத ஊர்களைக் கேட்ட தலைமுறைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டெல் ரியோவில் முள்வேலிக் கம்பியே பாடியது என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனாலும் 500 கிலோவாட் அல்லவா!

விளம்பரத்துக்கு நடுவே பாட்டு வேண்டுமே. 1938-ல் வர்ஜீனியா மலைக்காரர்களான கார்ட்டர் குடும்பத்தை டெக்சாஸுக்கு வரவழைத்தார்கள். பணம் போட்டது டானிக்கும் நரைமுடிச் சாயமும் விற்ற கம்பெனி. ஆர்கன்சாவின் டையஸ் கிராமத்தில், பருத்தி விவசாயி வீட்டுப் பையன் ஒருவன் அந்தப் பாட்டுகளில் கிறங்கிப்போனான். அவன் பெயர் ஜானி கேஷ். மறு ஆண்டு மேபெல் கார்ட்டரின் மகள் ஜூனும் மைக் முன்னால் வந்து நின்றாள். 1968-ல் கேஷ் மணந்தது அந்த ஜூனைத்தான்.

எல்லை வானொலியை ஏக்கத்தோடு நினைவுகூர்பவர்கள் இந்தக் காதல் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பாட்டு நல்ல பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அது ஆட்களைக் கூப்பிட அடித்த மேளம். மேளச் சத்தம் கேட்டுப் போனவர்களில் ஆபரேஷன் மேசையிலிருந்து திரும்பாதவர்களும் உண்டு.

தன்னைப் போலி வைத்தியர் என்று எழுதிய அமெரிக்க மருத்துவச் சங்க இதழாசிரியர் மோரிஸ் ஃபிஷ்பைன் மீது பிரிங்க்லி அவதூறு வழக்குப் போட்டு, 1939-ல் தோற்றார். ஏமாந்த நோயாளிகளின் வழக்குகள் வரிசை கட்டின. 1941-ல் அலைவரிசைப் பங்கீட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மெக்சிகோவுக்கும் பங்கு கிடைத்தது. அதன்பின் அதற்கு டாக்டர் எதற்கு? அதே ஆண்டு நிலையம் மூடப்பட்டது, பிரிங்க்லி திவாலானார். 1942-ல் இறந்தார்.

போருக்குப் பிறகு அதே ஊரில் எக்ஸ்.இ.ஆர்.எஃப். என்ற நிலையம் முளைத்தது. 1960-களில் அங்கிருந்து ஓநாய் போல ஊளையிட்டபடி ராக் பாட்டுப் போட்ட வுல்ஃப்மேன் ஜாக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)