பழுதைத் தானே சொல்லும் பெட்டி

வீட்டில் மேசைக் கணனி நின்றுவிட்டால் நாம் முதலில் சொல்வது, "இது முடிஞ்சுது, புதுசு ஒண்டு வாங்குவம்" என்பதுதான். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெட்டி காரில் ஏறி, நகரசபையின் கழிவு சேகரிக்கும் இடத்துக்குப் போய்விடும். பெட்டியோடு சேர்ந்து பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் பிரதிகள், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்ப் பாடசாலை வினாத்தாள்கள் எல்லாம் போய்விடுகின்றன. பல வேளைகளில் பழுதானது ஒரேயொரு சிறு பாகமாகத்தான் இருக்கும். அது எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்கும் கலைக்கு நாம் வாழும் இந்த நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. இம்மாத உரை அதைப் பற்றியது.

டென்மார்க்கின் முதலாவது கணனி நிறுவனம் ரைனசென்ட்ராலன். 1955ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், கோப்பன்ஹேகனின் வால்பி பகுதியில் ஒரு வீட்டில் வைத்து 'டாஸ்க்' என்ற கணனியைக் கட்டியது. 1957 செப்டெம்பரில் அது இயங்கத் தொடங்கியது. டெனிஷ் மொழியில் டாஸ்க் என்றால் 'அடி' என்றும் பொருள். இயங்காத பெட்டியின் தலையில் ஓர் அடி போடும் பழக்கம் நம்மிடமும் இருப்பதால், பெயர் பொருத்தமானதுதான்!

டாஸ்க்கில் ஏறத்தாழ 2,500 வால்வுகள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டிக்குள் சிவப்பாக ஒளிருமே, அதே வெற்றிடக் குழாய்கள்தான். மின்குமிழைப் போலவே வால்வும் ஒருநாள் எரிந்து போகும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வால்வு சராசரியாக 10,000 மணிநேரம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், 2,500 வால்வுகள் உள்ள இயந்திரத்தில் நான்கு மணிநேரத்துக்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கும். 2,500இல் எது போனது என்று தேடத் தெரியாவிட்டால், அந்த இயந்திரத்தால் ஒரு பயனும் இல்லை.

டாஸ்க்குக்கு முன்மாதிரியாக இருந்தது சுவீடனின் 'பெஸ்க்'. ஸ்டொக்ஹோமில் அதை இயக்கத் தொடங்கிய காலத்தில், சராசரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது நின்றுவிடுமாம். அங்கிருந்தவர்கள் சலித்துப்போய்க் கைவிடவில்லை. கணக்கின் நடுவே தரிப்பிடங்களை வைத்தார்கள். இயந்திரம் நின்றால், தொடக்கத்துக்குத் திரும்பாமல் கடைசித் தரிப்பிடத்திலிருந்து தொடரலாம். இயந்திரம் நிற்கும் என்று எதிர்பார்த்தே வேலையைச் சேமித்து வைத்தார்கள். இன்று நாம் 'பக்கப்' எடுப்பதும் அதே எண்ணத்தில்தான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'வேர்ல்விண்ட்' என்ற கணனியைக் கட்டியவர்கள் இன்னொரு வழி கண்டார்கள். பராமரிப்பு நேரத்தில் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். நலமான வால்வு அதைத் தாங்கும். நலிந்த வால்வு அப்போதே தவறிவிடும். அதை எடுத்து மாற்றிவிட்டால், வேலை நேரத்தில் இயந்திரம் நிற்காது. வைத்தியர் நம்மை நடக்கவிட்டு இதயத்தைச் சோதிப்பது போன்றது இது.

1961இல் ரைனசென்ட்ராலனின் அடுத்த இயந்திரமான 'கியர்' வந்தது. இதில் வால்வுகளுக்குப் பதில் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஐம்பது அளவில் தயாரிக்கப்பட்டன. வானொலி நேயர்களான நமக்குப் பிடித்த செய்தி ஒன்று: கியரில் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தது. கணக்கு ஓடும்போது அது ஒலி எழுப்பும். பழகிய காதுக்கு அந்த ஓசை மாறுவது கேட்டுவிடும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1951இல் நிறுவப்பட்ட கணனியிலும் இப்படி ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அந்தக் காலத்து மனிதர்கள் கணனியைக் காதாலும் கேட்டிருக்கிறார்கள்.

இந்த வழக்கம் மேசைக் கணனிக்கும் வந்து சேர்ந்தது. 1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணனி, மின்சாரம் கொடுத்தவுடன் தன்னைத்தானே சோதித்துக்கொண்டது. எல்லாம் சரியென்றால் ஒரு குறும் 'பீப்'. ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறும் ஒலிகளும் கேட்டால் திரைக்கான அட்டையில் கோளாறு. திரையே வேலை செய்யாதபோது பழுதை வேறு எப்படிச் சொல்வது? ஒலியால்தான் சொல்ல முடியும். டென்மார்க்கில் ரைனசென்ட்ராலனும் 1984இல் 'பிக்கலீன்' என்ற சிறிய கணனியை வெளியிட்டது. இந்நாட்டுப் பாடசாலைகளில் படித்த பலர் முதன்முதலில் தொட்ட கணனி அதுதான்.

சில பழுதுகள் கண்ணுக்கே தெரியும். 1999 முதல் 2007 வரை தயாரான பல தாய்ப்பலகைகளில் தரக்குறைவான மின்தேக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஓரிரு ஆண்டுகளில் அவற்றின் தலை பொங்கி, பழுப்பு நிறத் திரவம் கசிந்தது. கணனி காரணமில்லாமல் நிற்கும், மீண்டும் தொடங்கும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மீண்டும் மீண்டும் பதிந்தவர்கள் ஏராளம். மூடியைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் காரணம் தெரிந்திருக்கும்.

சரி, நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். வால்வுக் காலத்துப் பொறியியலாளர்களின் முறை இன்றும் அப்படியே பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. முதலில் மின்வடம், சுவர்ச் சொருகி, திரையின் இணைப்பு. மின்விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். பிறகு பெட்டியை அணைத்து, மின்வடத்தைக் கழற்றிவிட்டு, தேவையற்றதை எல்லாம் நீக்குங்கள். மின்வழங்கி, தாய்ப்பலகை, செயலி, ஒரு நினைவகத் துண்டு ஆகியவற்றோடு தொடங்கிப் பாருங்கள். திரை அட்டை இல்லாமல் படம் வராத கணனியானால் அதையும் விட்டுவைக்க வேண்டும். இயங்கினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்தபோது நிற்கிறதோ, அங்கேதான் பழுது. பல புதிய தாய்ப்பலகைகளில் பீப் ஒலிக்குப் பதில் சிறு விளக்குகள் உள்ளன. செயலி, நினைவகம், திரை, வட்டு என்று எது தடையோ அதன் விளக்கு எரியும்.

நாளும் நேரமும் அடிக்கடி மாறுகிறதா? தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலத்தை மாற்றுங்கள். இந்நாட்டுக் குளிர்காலத்தில் சூடேற்றிய அறையின் காற்று வறண்டிருக்கும், உடலில் நிலைமின்சாரம் ஏறும். ஆகவே பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டே உள்ளே கை வையுங்கள். மின்வழங்கியின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். வடத்தைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் நிற்கும்.

வன்வட்டு 'டிக், டிக்' என்று ஒலித்தால் உடனே அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளிருப்பது மேலும் சேதமாகலாம். அப்போது திருத்துவதல்ல, உள்ளடக்கத்தை மீட்பதே முதல் வேலை, தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் மின்வழங்கியோ தாய்ப்பலகையோ போயிருந்தால் வட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி இன்னொரு கணனியில் இணைத்தால் பெரும்பாலும் எல்லாம் திரும்பக் கிடைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கான சட்டமொன்றை நிறைவேற்றியது. சலவை இயந்திரம், கைத்தொலைபேசி போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு; மேசைக் கணனி இல்லை. ஆயினும் மேசைக் கணனிக்குச் சட்டத்தின் துணை அவ்வளவாகத் தேவையில்லை. சாதாரண மேசைப் பெட்டி ஒன்றைத் திறக்க ஒரு திருப்புளி போதும், அதன் பெரும்பாலான பாகங்களைக் கழற்றி மாற்றலாம். அந்த வசதி பல மடிக்கணனிகளில் குறைந்துவிட்டது. இருக்கும்போதே அதைப் பயன்படுத்திக்கொள்வோம். பெட்டியைக் காரில் ஏற்றுமுன், பழுது எங்கே என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்படியும் அதை எறியத்தான் வேண்டுமென்றால், வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை எறியுங்கள்.