விட்டது, தள்ளியது, சுருட்டியது, போனது: ஊத்தங்கரை வட்டாரத்தில் பண இழப்புச் சொற்கள்

1. எல்லையும் அளவுகோலும்

ஊத்தங்கரையில் மாந்தோப்புக் குத்தகைப் பணமும், ஓசூர் சிப்காட் வேலையில் வரும் சம்பளமும் சீட்டு, ஃபைனான்ஸ், கைப்பேசிச் செயலி என்று பல வழியாக வெளியேறுகின்றன. தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நஷ்டம், மோசம் ஆகிய பெயர்ச்சொற்கள் மும்மொழிக்கும் பொது. இழப்பின் வகையைப் பிரித்துக் காட்டுபவை வினைச்சொற்களே. எழுவாய் யார் என்று பார்த்தால் பழி யார் தலையில் விழுகிறது என்பது தெரியும்.

2. விட்டது

"ரம்மில மூவாயிரம் விட்டுட்டேன்." எழுவாய் இழந்தவரே, கையில் இருந்ததைத் தானே நழுவவிட்டார். அடுத்து வருவது "விட்டதைப் பிடிக்கணும்." திருக்குறளின் 'சூது' அதிகாரம் எச்சரிப்பதும் இந்த ஆசையைத்தான்.

3. தள்ளியது

இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. அவசரக்காரர் 25,000 தள்ளி, 75,000 எடுக்கிறார். சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 ஆளுக்கு ஆயிரமாகக் கழியும். எடுத்தவரோ "இருபத்தஞ்சு தள்ளி எடுத்தேன்" என்பார். நஷ்டம் என்ற சொல் அங்கே வராது. தெரிந்தே கொடுத்த விலை அது.

4. சுருட்டியது

நடத்துபவர் தலைமறைவானால் எழுவாய் மாறும்: "சுருட்டிட்டான்", "நாமம் போட்டுட்டான்", "ஏப்பம் விட்டுட்டான்." 2012இல் பெருந்துறை ஈமு பண்ணைத் திட்டம் சரிந்தபோதும், 2022இல் ஆருத்ரா நிறுவன மோசடி வெளிவந்தபோதும் பணம் போட்டவர்கள் திரண்டு வந்து புகார் கொடுத்தார்கள். முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் இவர்களை ஏமாற்றப்பட்டவர்களாகவே கருதுகிறது.

5. போனது

"ஷேர்ல போட்டது போச்சு", "நிலத்துல பணம் முடங்கிக் கிடக்கு." இங்கே எழுவாய் பணம். யார் மேலும் பழி இல்லை. காலம் சரியில்லை, அவ்வளவுதான்.

6. எல்லை மீறும் வினை

இப்போது பங்குச்சந்தைப் பேச்சிலும் "ஆப்ஷன்ல ரெண்டு லட்சம் விட்டேன்" என்பது சகஜம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டதாக செபி கணக்கிட்டது. சூதாட்ட வினை அங்கே குடியேறியதில் வியப்பில்லை.

ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கில் அது திறமை ஆட்டமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு அந்த வேறுபாடே வேண்டாம் என்று தடை விதித்தது. பேச்சுவழக்கு அந்த வேறுபாட்டை என்றுமே பார்த்ததில்லை. ரம்மியானாலும் மூணு சீட்டானாலும் "விட்டேன்"தான்.

7. முடிவு

இந்த வினைக்கு ஒரு கேடும் உண்டு. போலி வணிகச் செயலியில் ஏமாந்தவரும் "விட்டேன்" என்று சொல்லிப் பழியைத் தானே சுமக்கிறார். வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது. அவருடைய இழப்பு நான்காம் பிரிவைச் சேர்ந்தது. "சுருட்டிட்டாங்க" என்று சொல்ல வாய் வந்தால்தான் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழுத்தக் கையும் வரும்.