ஜி.எஸ்.பி. பிளஸ்: வரிச்சலுகைக்குள் மனித உரிமை வந்தது எப்படி?

ஜெனீவா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மனித உரிமைகள் பேரவை. உலக வர்த்தக அமைப்பின் தலைமையகமும் அதே நகரில்தான் இருக்கிறது. இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை இன்றைய வடிவத்தைப் பெற்றதற்கு, அங்கு இந்தியா தொடுத்த ஒரு வழக்கும் காரணம்.

உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை விதிப்படி, ஓர் உறுப்பு நாட்டுக்கு வழங்கும் தீர்வைச் சலுகையைப் பொதுவாக மற்ற உறுப்பு நாடுகளுக்கும் வழங்கவேண்டும். வளர்முக நாடுகளுக்கு மட்டும் தீர்வையைக் குறைப்பதற்கு 1979இல் விலக்கு அளிக்கப்பட்டது. அதிலும் பாரபட்சம் இருக்கக்கூடாது.

போதைப்பொருள் உற்பத்தியாலும் கடத்தலாலும் பாதிக்கப்பட்டவை என்று 12 நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சலுகை வழங்கிவந்தது. அவற்றுள் 11 லத்தீன் அமெரிக்க நாடுகள். 2002இல் பாகிஸ்தானும் சேர்க்கப்பட்டது. தனது ஏற்றுமதி பாதிக்கப்படுவதாகக் கூறி, அதே ஆண்டு மார்ச்சில் இந்தியா முறைப்பாடு செய்தது.

2004 ஏப்ரலில் மேன்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது. வளர்முக நாடுகளை வேறுபடுத்தி நடத்தலாம். ஆனால் அதற்குப் பொதுவான அளவுகோல் வேண்டும், ஒரே வகையான தேவையுள்ள எல்லா நாடுகளுக்கும் வாய்ப்பு இருக்கவேண்டும் என்றது. விரும்பிய நாடுகளை மட்டும் கொண்ட மூடிய பட்டியல் ஏற்கப்படவில்லை.

இதையடுத்து 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச சமவாயங்கள் அளவுகோலாயின. அவ்வாண்டே இலங்கையும் இணைந்தது.

2008 ஒக்டோபரில், போர் உச்சத்தை நெருங்கிய வேளையில், ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணையைத் தொடங்கியது. இலங்கை அரசு ஒத்துழைக்க மறுத்தது. குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்று சமவாயங்களும் உரியவாறு நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பது முடிவு. 2010 ஓகஸ்ட் 15இல் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே 19இல் மீண்டும் கிடைத்தது. பயங்கரவாதத் தடைச்சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் எல்லைகளை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். உலக வர்த்தக அமைப்பில் அரசுகள் மட்டுமே வழக்குத் தொடுக்க முடியும். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் அங்கே தரப்பினர் அல்லர். ஜி.எஸ்.பி. பிளஸ் நீதி வழங்கும் பொறிமுறையும் அல்ல. நிறுத்துவதா தொடர்வதா என்பதை ஐரோப்பிய ஒன்றியமே முடிவுசெய்கிறது.

நிறுத்தினால் சுமை யாருக்கு? இச்சலுகை இருந்தால் ஆடைகளுக்குத் தீர்வை இல்லை. இழந்தால் ஏறத்தாழ 9.6 வீதம். கொள்வனவாளர்கள் வேறு நாடுகளை நாடினால், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களின் வருமானமும் ஆபத்துக்குள்ளாகும். அவர்களும் போரால் பாதிக்கப்பட்டவர்களே.

ஆனாலும் அழுத்தம் வீண்போவதில்லை. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்கக் கோரி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றியும் பரிசீலிக்கச் சொன்னது. 2022 மார்ச்சில் இலங்கை அச்சட்டத்தைத் திருத்தியது, நீக்கவில்லை.

சமவாயங்களின் அமுலாக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்கிறது. சிவில் அமைப்புகள் தரும் தகவல்களும் அதில் கவனிக்கப்படுகின்றன. வழக்காட முடியாத நம் மக்களின் குரல் இந்த ஏற்பாட்டுக்குள் நுழைய உள்ள வழி அதுதான். ஆகவே கைது, தடுப்புக்காவல், காணி தொடர்பான ஒவ்வொரு சம்பவமும் திகதியோடும் ஆவணத்தோடும் பதிவாக வேண்டும்.