மருத்துவமனைக் கணினியில் நமது பெயர் சரியாக இருக்கிறதா?

வளரும் நாடுகளின் அரசு மருத்துவமனைகளில் காகிதச் சீட்டு தொலைந்தால் நோயாளியின் பழைய விவரமும் தொலைந்துவிடும். என்ன மருந்து சாப்பிட்டார், எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும். இந்தச் சிரமத்தைக் குறைக்கவே கணினிப் பதிவு முறைகள் வந்தன. தமிழகத்தில் உலக வங்கி உதவியுடன் 2005-ல் தொடங்கிய சுகாதாரத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளுக்கு இம்முறை கொண்டுவரப்பட்டது.

முறை எளிதானது. பதிவு செய்யும் இடத்தில் பெயர், வயது, முகவரி கேட்டு ஓர் எண் தருவார்கள். மருத்துவர், இரத்தப் பரிசோதனைக் கூடம், மருந்தகம் ஆகிய மூன்றும் அதே எண்ணில் விவரங்களைச் சேர்க்கும். ஸ்ரீரங்கத்தில் சிகிச்சை பெற்ற ஒருவர் அவசரமாகக் காவிரியைக் கடந்து திருச்சி புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வர நேர்ந்தால், பழைய பதிவு கையில் கிடைப்பது உயிரைக் காக்கும் உதவி.

ஆனால் பெயர் மாறினால் கணினிக்கு ஆளே மாறிவிடுகிறார். இது நம் குடும்பங்களில் அதிகம் நேரக்கூடியது. ஆதாரில் 'முஹம்மது', ரேஷன் கார்டில் 'முகமது'. ஓரிடத்தில் 'ஃபாத்திமா', இன்னோரிடத்தில் 'பாத்திமா பீவி'. திருமணத்துக்கு முன் தந்தையின் இனிஷியல், பின்பு கணவரின் இனிஷியல். விளைவு, ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவுகள். சர்க்கரை, இரத்த அழுத்த விவரம் ஒன்றில் இருக்க, மருத்துவர் மற்றொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கர்ப்பிணிகள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தமிழகத்தில் கர்ப்பத்தைப் 'பிக்மி' இணையத்தில் பதிந்து எண் பெற வேண்டும். குழந்தையின் பிறப்புப் பதிவுக்கு அந்த எண் தேவை என்ற நடைமுறை 2017-ல் வந்தது. எனவே கர்ப்பம் உறுதியானதும் கிராம அல்லது நகர்ப்புறச் செவிலியரிடம் பதிந்துகொள்வது நல்லது.

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க 'ஆபா' எண் தருகிறார்கள். இது கட்டாயமல்ல, நம் சம்மதத்தின் பேரில்தான் பதிவுகள் பகிரப்பட வேண்டும். நோயாளியின் இரகசியம் ஓர் அமானிதம். ஆகவே கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை, அது எதற்கென்று கேட்டறியாமல் யாரிடமும் சொல்லக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை:

- ஆதாரில் உள்ள எழுத்துப்படியே எல்லா மருத்துவமனைகளிலும் பெயரைக் கொடுப்போம்.
- தரும் சீட்டில் பெயர், வயது, கைப்பேசி எண் சரிதானா என்று அங்கேயே பார்த்துத் திருத்தச் சொல்வோம்.
- வீட்டில் ஒரு நோட்டில் ஒவ்வொருவரின் பதிவு எண், இரத்த வகை, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை எழுதி வைப்போம். மின்சாரம் போனாலும் சர்வர் நின்றாலும் அது கைகொடுக்கும்.
- படிக்கத் தெரியாத முதியவர்களுடன் வீட்டுப் பிள்ளைகள் ஒருவராவது செல்லட்டும்.

நோய்க்கு மருந்து தேடுவது போலவே, அந்த மருந்து சரியான ஆளுக்குப் போய்ச் சேரச் செய்வதும் நம் பொறுப்பு. இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை மருத்துவமனை செல்லும்போதே இதைத் தொடங்குவோம்.